பளபளப்பு வேறு, உறுதி வேறு

நம் தோட்டத்து லாரி மேடேறும்போது 'டப் டப்' என்று ஒலித்தால், இயந்திரத்தை ஒட்டிய புகைக்குழாயில் விரிசல் விழுந்திருக்கலாம். இஃது ஓசைக் குறைபாடு மட்டுமன்று. அவ்வழியே கசியும் புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு உண்டு. அதற்கு நிறமில்லை, மணமுமில்லை. பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக அது குருதியைப் பற்றிக்கொள்ளும். டீசல் புகை புற்றுநோயை விளைவிக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இல் அறிவித்தது. லாரியில் அமர்ந்து செல்வோர் நம்மவரே. ஆகவே, மாற்றுக் குழாய் வாங்குமுன் அதன் தரத்தை ஒப்பிட்டறிய நாம் கற்றுக்கொள்ளுதல் வேண்டும்.

இயந்திரத்தின் உருளைகளிலிருந்து வெளிவரும் புகையைத் திரட்டிப் பின்குழாய்க்கு அனுப்பும் உறுப்பினை மேனிஃபோல்டு என்பர். லாரியுடன் வருவது பெரும்பாலும் வார்ப்பிரும்பால் ஆனது. எஃகுக் குழாய்களை வளைத்துப் பற்றவைத்துச் செய்யும் வகைக்கு ஹெடர் என்று பெயர். ஹெடர் வாங்குவோர் மூன்றினை நோக்க வேண்டும்.

முதலாவது, உலோகம். சாதாரண எஃகின் மேல் பூசிய வண்ணம் சூட்டில் கருகிவிடும். பின்னர்த் துரு ஏறும். 304 என்னும் துருப்பிடிக்கா எஃகில் ஏறக்குறைய 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் உள்ளன. 409 என்னும் வகையில் குரோமியம் ஏறக்குறைய 11 விழுக்காடே. பின்னதில் காந்தம் ஒட்டும்; மேற்பரப்பில் துருவும் படியும். '304' என்று விற்கப்படும் குழாயின் நேர்ப்பகுதியில் காந்தம் இறுக ஒட்டினால் அதனை ஏற்க வேண்டா.

இரண்டாவது, தடிப்பு. மெல்லிய குழாயின் சுவர் 1.2 மில்லிமீட்டர், தடித்தது 1.6 மில்லிமீட்டர். இயந்திரத்துடன் பொருந்தும் தகடு 9 மில்லிமீட்டருக்குக் குறையாதிருத்தல் நன்று. மெல்லிய தகடு சூட்டில் வளையும். அத்தகட்டின் மீது நேரான இரும்பு அளவுகோலை வைத்துப் பாருங்கள். இடையில் வெளிச்சம் தெரிந்தால் அங்கே புகை கசியும்.

மூன்றாவது, பற்றவைப்பு. அது குழாயைச் சுற்றிலும் இடைவெளியின்றிச் சீராக ஓட வேண்டும். ஊசித்துளை இருத்தலாகாது. உள்ளே விரல் விட்டுத் தடவினால் உலோகக் கட்டிகள் தட்டுப்படலாகாது. வளைவுகளில் குழாய் நசுங்கியிருப்பின் புகையின் வழி குறுகும்.

ஹெடரால் வேகம் கூடும் என்பர் சிலர். அப்பயன் பெரிதும் விரைந்து சுழலும் இயந்திரங்களுக்கே உரியது. பாரம் ஏற்றி மெல்லச் செல்லும் லாரிக்கு நல்ல வார்ப்பிரும்பு மேனிஃபோல்டே ஏற்றது என்பது நம் கருத்து. அது கனமானது, ஆயினும் நெடுநாள் உழைக்கும்.

எதனைப் பொருத்தினாலும் புதிய கேஸ்கெட் இடுக. போல்ட்டுகளை நடுவிலிருந்து இருபுறமும் முறையாக முடுக்குக. சில நாள் ஓடியபின், இயந்திரம் ஆறியிருக்கும் வேளையில், மீண்டும் சரிபார்க்குக.

கடைக்குச் செல்லும்போது ஒரு காந்தமும் ஓர் அளவுகோலும் எடுத்துச் செல்வோம். உழைத்து ஈட்டிய பணமும் காக்கப்படும், உயிரும் காக்கப்படும்.