விபசார விடுதியில் இறந்தவளுக்கு ஜனாஸாத் தொழுகை உண்டா?

வங்காள தேசத்தில், பத்மா ஆற்றங்கரையில், ராஜ்பாரி மாவட்டத்தில் தௌலத்தியா என்றோர் ஊர் உள்ளது. படகுத்துறையும் ரயிலடியும் அமைந்த அவ்வூரில், ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் வாழும் விபசார விடுதி ஒன்று அரசு அறிய, அனுமதியோடு பல்லாண்டுகளாக நடந்து வந்திருக்கின்றது. அங்கே வாழ்ந்து மடிந்தவர்களில் எத்தனையோ பேர் முஸ்லிம் வீடுகளில் பிறந்து, கலிமாச் சொல்லி வளர்ந்தவர்கள். ஆனால் அவர்கள் இறந்தால் ஜனாஸாத் தொழ வைக்க இமாம்கள் முன்வருவதில்லை. மய்யித்தை இரவோடிரவாக அடையாளமற்ற குழியில் புதைப்பார்கள். அல்லது ஆற்றில் விட்டு விடுவார்கள்.

2020 பிப்ரவரியில் அந்த விடுதியில் ஒரு பெண் இறந்தார். அவருக்கு முறைப்படி ஜனாஸா நடத்த வேண்டுமென்று உடனிருந்த பெண்கள் மன்றாடினர். உள்ளூர்க் காவல்துறை அதிகாரி ஒருவர் இமாமிடம் பேசினார். முதலில் தயங்கிய இமாம், இப்பெண்ணுக்குத் தொழுவிக்கக் கூடாதென்று மார்க்கத்தில் தடை உண்டா என்ற கேள்விக்கு விடை சொல்ல முடியாமல், இறுதியில் தொழ வைத்தார். அச்செய்தி உலகெங்கும் பரவியது. பின்னர் அவ்விமாம் பலருடைய கண்டனத்துக்கு ஆளாகி, இனி இப்படிச் செய்யப் போவதில்லை என்று சொன்னதாகவும் செய்தி வந்தது.

அந்த அதிகாரி கேட்ட கேள்வியை நாமும் கேட்டுப் பார்ப்போம். மார்க்கத்தில் அப்படி ஒரு தடை உண்டா?

மார்க்கத் தீர்ப்பு என்ன?

விபசாரம் ஹராம் என்பதில் கருத்து வேற்றுமைக்கே இடமில்லை. அதன் பக்கம் நெருங்கவும் கூடாதென்று திருமறை (17:32) எச்சரிக்கின்றது. அதனால் கிட்டும் கூலியை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருப்பதாக அபூமஸ்ஊத் அல்அன்ஸாரீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரீயில் பதிவாகியிருக்கின்றது. எனவே, இதுவும் மற்றத் தொழில்களைப் போல ஒரு தொழிலே என்று எவர் சொன்னாலும் முஸ்லிம்களாகிய நாம் ஒப்புக்கொள்ள இயலாது.

ஆயினும், பெரும்பாவம் செய்த முஸ்லிம் அப்பாவத்தினால் இஸ்லாத்தை விட்டு வெளியேறி விடுவதில்லை. இது அஹ்லுஸ் ஸுன்னத் வல்ஜமாஅத்தின் அடிப்படைக் கொள்கை. பாவம் செய்தவரைக் காஃபிராக்கியவர்கள் கவாரிஜ்கள் ஆவர். அவர்களது வழி நமது வழியன்று. முஸ்லிமாக இறந்தவரைக் குளிப்பாட்டுவதும், கஃபனிடுவதும், தொழ வைப்பதும், அடக்கம் செய்வதும் ஃபர்ளு கிஃபாயா. ஊரில் சிலர் செய்தால் அனைவர் மீதும் உள்ள கடமை நீங்கும். எவருமே செய்யாவிட்டால், அறிந்திருந்தும் வாளாவிருந்த அனைவருமே குற்றவாளிகள் ஆவார்கள்.

தண்டனையால் கொல்லப்பட்டவர், தற்கொலை செய்துகொண்டவர், தகாத உறவில் பிறந்த குழந்தை ஆகிய எல்லா முஸ்லிம்களுக்கும் ஜனாஸாத் தொழுகை உண்டு என்பதே உலமாக்களின் வழி என்று காழீ இயாழ் (ரஹ்) அவர்கள் கூறியிருப்பதை, இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தமது ஸஹீஹ் முஸ்லிம் விரிவுரையில் எடுத்தெழுதியுள்ளார்கள்.

“பெரியவர்கள் சிலருக்குத் தொழாமல் விட்டதுண்டே?” என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். கைபர் போரின்போது இறந்த ஒருவருக்கு நபி (ஸல்) அவர்கள் தாம் தொழ வைக்கவில்லை. பங்கிடப்படாத போர்ப் பொருளிலிருந்து இரண்டு திர்ஹம் கூடப் பெறாத மணிகளை அவர் எடுத்து வைத்திருந்ததே காரணம். இந்த ஹதீஸை ஸைத் இப்னு காலித் அல்ஜுஹனீ (ரலி) அவர்களிடமிருந்து அபூதாவூத் பதிவு செய்திருக்கின்றார்கள். ஆனால், உங்கள் தோழருக்கு நீங்கள் தொழுங்கள் என்று அந்த இடத்திலேயே ஸஹாபாக்களைப் பணித்தார்கள். மற்றவர்கள் பாடம் பெறுவதற்காக ஊரின் பெரியவர் ஒருவர் விலகி நிற்கலாம் என்பது வரைதான் இதிலிருந்து கிடைக்கும் சட்டம். ஊரே கதவடைத்து, ஒரு முஸ்லிமின் மய்யித்தை ஆற்றில் விடுவதற்கு இதில் எள்ளளவும் ஆதாரம் கிடையாது.

குற்றச் சுமை யார் மீது?

மதீனாவில் முனாஃபிக்குகளின் தலைவனாயிருந்த அப்துல்லாஹ் இப்னு உபை, தன் அடிமைப் பெண்களை விபசாரத்துக்கு அனுப்பிப் பொருளீட்டி வந்தான். அப்பெண்களின் முறையீட்டையொட்டி இறங்கிய வசனம் சூரத்துந் நூரில் (24:33) உள்ளது. உலக ஆதாயத்துக்காகப் பெண்களை இதற்கு நிர்ப்பந்திக்கக் கூடாதென்று அது தடுக்கின்றது. நிர்ப்பந்திக்கப்பட்ட பின்னர் அல்லாஹ் மன்னிப்பவனாகவும் கிருபையுடையவனாகவும் இருக்கின்றான் என்று முடிகின்றது. அந்த மன்னிப்பு நிர்ப்பந்திக்கப்பட்ட பெண்களுக்கே என்று முஃபஸ்ஸிர்கள் விளக்குகின்றார்கள்.

தௌலத்தியாவில் ‘சுக்ரி’ என்று அழைக்கப்படும் சிறுமியரின் நிலையை இவ்வசனத்தோடு வைத்துப் பாருங்கள். தரகன் ஒருவன் சிறுமியைக் கொண்டு வந்து விடுதித் தலைவியிடம் விற்கிறான். கொடுத்த விலையைக் ‘கடன்’ என்று அச்சிறுமியின் பேரில் எழுதி, அது தீரும் வரை அவள் சம்பாத்தியம் முழுவதையும் தலைவி எடுத்துக்கொள்கிறாள். வயது கூடியவள் போலத் தோன்றுவதற்காக, மாடு கொழுப்பதற்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரைகளையும் சிறுமியருக்குக் கொடுத்து வந்த கொடுமை வெளியுலகுக்குத் தெரிய வந்துள்ளது. அந்தக் கடன் அவள் வாங்கியதன்று. அவளை விற்றவன் வாங்கியது. ஷரீஅத்தின் முன் அது கடனே ஆகாது. இதற்கு அடிமை வணிகம் என்பதே தகுந்த பெயர்.

எல்லாப் பெண்களும் இப்படி விற்கப்பட்டவர்கள் என்று நாம் சொல்லவில்லை. பசியால் வந்தவர்கள் உண்டு. கணவனால் கைவிடப்பட்டு வந்தவர்கள் உண்டு. வேறு வழியிருந்தும் வந்தவர்களும் இருக்கக்கூடும். உள்ளத்தில் உள்ளதை அல்லாஹ் அறிவான். ஆனால் குகையில் அடைபட்ட மூவரின் ஹதீஸை நாம் மறக்கலாகாது. பஞ்சத்தில் உதவி கேட்டு வந்த பெண்ணிடம் தன் ஆசைக்கு இணங்குவதையே விலையாகக் கேட்டான் ஒருவன். கடைசி நேரத்தில் அவள் அல்லாஹ்வை அஞ்சும்படி சொல்லவே, அவன் விலகினான். கொடுத்த பொருளையும் அவளிடமே விட்டு விட்டான். அந்த அமலைக் கொண்டுதான் அவனுடைய துஆ ஏற்கப்பட்டது.

சட்டத்தைப் பற்றிய வாதம்

1999 ஜூலையில், டாக்காவுக்கு அருகிலுள்ள நாராயண்கஞ்சில் தான்பஜார் விடுதிகளைப் போலீசார் இரவில் காலி செய்தனர். பெண்கள் பலர் பஸ்களில் ஏற்றப்பட்டு, அநாதரவானோருக்கான அரசு விடுதிகளில் அடைக்கப்பட்டனர். வழக்கு உயர்நீதிமன்றத்துக்குப் போயிற்று. விபசாரத்தைத் தடுக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அந்நாட்டு அரசியல் சட்டத்தின் 18வது பிரிவு கூறுகின்றது. ஆயினும், வயது வந்த இப்பெண்களை இவ்விதம் வீட்டை விட்டுத் துரத்தியது சட்ட விரோதம் என்றும், அவர்களுக்கும் வாழ்வுரிமை உண்டென்றும் 2000ஆம் ஆண்டில் தீர்ப்பாயிற்று.

உலக நாடுகளும் ஒரு வழியில் நிற்கவில்லை. 1999இல் சுவீடன், விற்கும் பெண்ணை விட்டு விட்டு, விலை கொடுக்கும் ஆணைக் குற்றவாளியாக்கியது. நெதர்லாந்து 2000இல் விடுதிகளுக்கிருந்த தடையை நீக்கியது. நியூசிலாந்து 2003இல் இதனைக் குற்றப் பட்டியலிலிருந்தே எடுத்து விட்டது. நம் நாட்டில், விடுதி நடத்துவதும் தரகு பார்ப்பதும் குற்றமாகவே நீடிக்க, வயது வந்து தம் விருப்பால் ஈடுபடும் பெண்களைப் போலீசார் துன்புறுத்தலாகாதென்று 2022 மே 19இல் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. தாய் இத்தொழிலில் இருக்கிறாள் என்பதற்காக மட்டும் பிள்ளையைப் பிரிக்கக் கூடாதென்றும் சொல்லியது.

உரிமை கோருவோர், கைதாகி விடுவோமென்று அஞ்சும் பெண் அடிபட்டாலும் புகார் சொல்ல மாட்டாள், நோயுற்றாலும் மருத்துவமனைக்குப் போக மாட்டாள் என்கின்றார்கள். இதில் நியாயம் இருக்கின்றது. எதிர்ப்போர், அரசே அனுமதி கொடுத்தால் தரகர்கள் கொழுப்பார்கள் என்கின்றார்கள். அனுமதி பெற்ற தௌலத்தியாவிலேயே சிறுமியர் விற்கப்பட்டதைப் பார்க்கையில், இதையும் தள்ளி விட முடியவில்லை.

நம்மைப் பொறுத்த வரை, ஹராமை ஹலாலாக்க எந்த அரசுக்கும் அதிகாரமில்லை. அதே சமயம், பெண்ணை அடிப்பதும், பறிப்பதும், அவள் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் மறுப்பதும், அவள் மய்யித்தை அவமதிப்பதும் ஹராம்தான். முன்னதைச் சொல்லும் நாவு பின்னதையும் சொல்ல வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

1. சாட்சியின்றி ஒரு பெண்ணின் கற்பைப் பற்றிப் பேசாதிருப்போம். நான்கு சாட்சிகளைக் கொண்டு வராமல் பழி சுமத்துவோருக்கு எண்பது கசையடி என்று திருமறை (24:4) விதித்திருக்கின்றது. திண்ணைப் பேச்சால் கெட்ட பெயர் பெற்று, பிறந்த ஊரில் வாழ முடியாமல் போன பெண் எங்கே போவாள் என்று எண்ணிப் பாருங்கள்.

2. பிள்ளைகளை ஒதுக்காதிருப்போம். ஒருவர் சுமையை மற்றவர் சுமக்க மாட்டார் என்பது குர்ஆனின் (6:164) சட்டம். தகப்பன் பெயர் தெரியாத குழந்தையையும் மதரஸாவில் மற்றப் பிள்ளைகளோடு உட்கார வைத்து ஓதிக் கொடுக்க வேண்டும்.

3. ஸதகாவும் ஜகாத்தும் உரிய இடம் சேரட்டும். ஒருவர் இரவில் கொடுத்த தர்மம் அவரறியாமல் ஒரு விபசாரியின் கையில் சேர்ந்தது. ஊரார் ஏளனம் செய்தார்கள். அதைக் கொண்டு அவள் அப்பாவத்திலிருந்து விலகக் கூடும் என்று அவருக்குச் சொல்லப்பட்டதாக புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் ஹதீஸ் உண்டு. திருந்தி வாழ விரும்பி வருபவளுக்குத் தையல் இயந்திரமோ, வீட்டு வாடகையோ கொடுக்க மஹல்லாவின் பைத்துல்மாலில் ஒரு பங்கு வைத்தால் என்ன?

4. பெண்களைத் தெருவில் நிறுத்தும் காரணங்களை நம் வீடுகளிலேயே தடுப்போம். கைக்கூலி கேட்டுத் திருமணத்தைத் தடுப்பதும், தலாக் கொடுத்தவளுக்கு மஹ்ரையும் இத்தா காலச் செலவையும் கொடுக்காமல் ஏய்ப்பதும், விதவையின் வாரிசுப் பங்கை உடன்பிறந்தாரே விழுங்குவதும் எவ்வளவு பெரிய அநியாயங்கள்! இவற்றைச் செய்து விட்டுப் பள்ளிவாசலில் முதல் ஸஃப்பில் நிற்பவர், தௌலத்தியாப் பெண்ணைப் பார்த்து முகஞ்சுளிக்க என்ன தகுதியுடையவர்?

தாகத்தால் தவித்த நாய்க்குத் தன் காலணியில் நீர் மொண்டு கொடுத்த ஒரு விபசாரிக்கு அல்லாஹ் மன்னிப்பளித்தான் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்கு அறிவித்துள்ளார்கள். அவன் யாரை மன்னிப்பான், யாரைப் பிடிப்பான் என்பது நம் கையில் இல்லை. மய்யித்துக்காக நான்கு தக்பீர் சொல்லிப் பாவமன்னிப்புக் கேட்பது மட்டுமே நம் மீது கடமையாக்கப்பட்டிருக்கின்றது. அந்தக் கடமையைக் குறைவின்றி நிறைவேற்ற வல்ல அல்லாஹ் நமக்கு தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.