தகவல் தொழில்நுட்பச் சந்தையில் மலேசியா

சிலாங்கூர் மாநிலத்தின் சிப்பாங் மாவட்டத்தில் இன்று கண்ணாடிக் கட்டடங்களோடு காட்சியளிக்கும் சைபர்ஜெயா, 1990களின் தொடக்கத்தில் தோட்டங்கள் நிறைந்த நிலப்பரப்பாகவே இருந்தது. அதை அடுத்துள்ள புத்ராஜெயா அமைந்திருக்கும் இடத்தில் பிராங் புசார் தோட்டம் இருந்தது. இரப்பரும் செம்பனையும் விளைந்த மண்ணில், கணினியை நம்பி ஒரு நகரத்தை எழுப்ப மலேசியா முடிவு செய்தது. அம்முடிவு ஏன் எடுக்கப்பட்டது, அது என்ன பலன் தந்தது, இனி எந்தத் திசையில் செல்ல வேண்டும் என்பவை நாளை வேலைச் சந்தையில் காலடி வைக்கப்போகும் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டிய செய்திகளாகும்.

1957ஆம் ஆண்டு நாடு விடுதலை பெற்றபோது இரப்பரும் ஈயமும் அதன் வருமானத்தைத் தாங்கி நின்றன. 1970களில் மின்னணுத் தொழிற்சாலைகள் பெருகத் தொடங்கின. 1972ஆம் ஆண்டு இந்தெல் நிறுவனம் பினாங்கின் பாயான் லெப்பாஸ் பகுதியில் தன் ஆலையைத் தொடங்கியது. மின்னணுப் பொருள்கள் நாட்டின் முக்கிய ஏற்றுமதியாயின. ஆயினும், அந்த ஆலைகளில் பெரும்பாலும் பிற நாடுகளில் வடிவமைக்கப்பட்ட சில்லுகளைப் பொருத்திச் சோதிக்கும் பணியே நடைபெற்றது. அத்தகைய பணி கூலி குறைவாக உள்ள நாட்டைத் தேடிச் செல்லும் இயல்புடையது. எனவே, உழைப்பை மட்டும் விற்காமல் அறிவையும் விற்கும் நாடாக மாற வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. 1991ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட 2020 தூரநோக்குத் திட்டமும் இதே இலக்கை முன்வைத்தது.

இதன் விளைவாக, 1996ஆம் ஆண்டு அப்போதைய பிரதமர் டாக்டர் மகாதீர் முகமது பல்லூடகப் பெருவழித் திட்டத்தைத் தொடக்கி வைத்தார். எம்.எஸ்.சி. என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட இத்திட்டப் பகுதி, வடக்கே கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்திலிருந்து தெற்கே அனைத்துலக விமான நிலையம்வரை நீண்டது. 15 கிலோமீட்டர் அகலமும் 50 கிலோமீட்டர் நீளமும் கொண்ட இப்பகுதி, இன்றைய சிங்கப்பூரின் பரப்பளவுக்கு ஏறக்குறைய ஈடாகும். இங்குத் தொழில் தொடங்கும் நிறுவனங்களுக்குப் பத்து ஆண்டுகள்வரை வருமான வரி விலக்கு, வெளிநாட்டு வல்லுநர்களைத் தடையின்றி வேலைக்கு அமர்த்தும் உரிமை போன்ற சலுகைகள் வழங்கப்பட்டன. 1997ஆம் ஆண்டு மே மாதம் சைபர்ஜெயா அதிகாரப்பூர்வமாகத் தொடங்கப்பட்டது. ஆனால், அதே ஆண்டு ஜூலை மாதத்தில் ஆசிய நிதி நெருக்கடி மூண்டது. ரிங்கிட்டின் மதிப்பு சரிந்தது, முதலீட்டாளர்கள் தயங்கினர். இருப்பினும் திட்டம் கைவிடப்படவில்லை. 1999ஆம் ஆண்டு பல்லூடகப் பல்கலைக்கழகம் சைபர்ஜெயாவில் தன் வளாகத்தைத் திறந்தது.

ஒரு நாட்டின் தகவல் தொழில்நுட்பச் சந்தை வளர மூன்று கூறுகள் தேவை. அவை கட்டமைப்பு, தேவை, திறன் ஆகியனவாகும். முக்காலியின் மூன்று கால்களைப் போல, இவற்றுள் ஒன்று குறைந்தாலும் சந்தை நிலைத்து நிற்காது.

முதலாவதாக, கட்டமைப்பு. 1992ஆம் ஆண்டு ஜாரிங் என்னும் இணையச் சேவை மலேசியாவில் தொடங்கியது. 2021ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் ஐந்தாம் தலைமுறை அலைவரிசைச் சேவை கோலாலம்பூர், புத்ராஜெயா, சைபர்ஜெயா ஆகிய இடங்களில் அறிமுகமானது. 2024ஆம் ஆண்டு மே மாதம் மைக்ரோசாப்ட் நிறுவனம் நான்கு ஆண்டுகளில் 2.2 பில்லியன் அமெரிக்க டாலரையும், கூகுள் நிறுவனம் 2 பில்லியன் அமெரிக்க டாலரையும் மலேசியாவில் முதலீடு செய்யப்போவதாக அறிவித்தன. செயற்கை நுண்ணறிவுக்கும் மேகக் கணிமைக்கும் தேவையான தரவு மையங்களே இம்முதலீடுகளில் முதன்மை பெறுகின்றன.

இரண்டாவதாக, தேவை. தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவோர் இருந்தால்தான் அதை உருவாக்குவோருக்குச் சந்தை கிடைக்கும். பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் உள்ள கடைகள் இதற்குச் சான்றாகும். பூமாலையும் பலகாரமும் சேலையும் விற்கும் கடைகளில் இன்று கியூஆர் குறியீட்டு அட்டையைக் காணலாம். 2019ஆம் ஆண்டு அறிமுகமான டூயிட்நவ் கியூஆர், வெவ்வேறு வங்கிகளின் வாடிக்கையாளர்கள் ஒரே குறியீட்டின்வழி பணம் செலுத்த வழிவகுத்தது. கோவிட்-19 பெருந்தொற்றுக் காலத்தில் மைசெஜாத்ரா செயலி கியூஆர் குறியீட்டை வருடும் பழக்கத்தை முதியோரிடமும் கொண்டு சேர்த்தது. 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் பெரிய நிறுவனங்களில் தொடங்கிப் படிப்படியாக நடைமுறைக்கு வந்த மின்விலைப்பட்டியல் முறை, கணக்கு மென்பொருளுக்கான தேவையை மேலும் கூட்டியுள்ளது. 2020ஆம் ஆண்டிலேயே தகவல் தொடர்புத் தொழில்நுட்பமும் மின்வணிகமும் சேர்ந்து நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 22.6 விழுக்காட்டை வழங்கின.

ஆனால், உள்நாட்டுத் தேவைக்கு ஓர் எல்லை உண்டு. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மலேசியாவின் மக்கள்தொகை ஏறக்குறைய 32 மில்லியன். இந்தோனேசியாவிலோ 270 மில்லியன். ஆகவே, மலேசியாவில் பிறக்கும் நிறுவனம் பெரிதாக வளர வேண்டுமாயின் எல்லை கடந்தே ஆக வேண்டும். 2012ஆம் ஆண்டு கோலாலம்பூரில் மைதெக்சி என்ற பெயரில் வாடகைக் கார்ச் சேவையாகத் தொடங்கிய கிராப் நிறுவனம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அது சில ஆண்டுகளுக்குள் தென்கிழக்காசிய நாடுகள் பலவற்றில் கால் பதித்தது. பின்னர்த் தன் தலைமையகத்தைச் சிங்கப்பூரில் அமைத்துக்கொண்டது. நல்ல எண்ணம் மலேசியாவில் முளைத்தாலும் அதன் கனி முழுவதும் இங்கேயே கிடைக்கும் என்று உறுதி கூற இயலாது என்பதை இது காட்டுகிறது. தரவு மையங்களிலும் இதைப் போன்ற ஒரு சிக்கல் உண்டு. அவை பெருமளவு மின்சாரத்தையும், குளிர்விப்பதற்கு நீரையும் பயன்படுத்துகின்றன. கட்டி முடித்த பிறகு அவற்றை இயக்கக் குறைந்த எண்ணிக்கையிலான பணியாளர்களே போதும். எனவே, முதலீட்டுத் தொகையை மட்டும் கொண்டு வளர்ச்சியை அளவிடக்கூடாது. எத்தகைய வேலைகள் உருவாகின்றன என்பதையும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது கூறாகிய திறனே இங்கு முதன்மை பெறுகிறது. பிராங் புசார் உள்ளிட்ட தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள், புத்ராஜெயா உருவானபோது டெங்கில் பகுதியிலுள்ள அடுக்குமாடி வீடுகளுக்கு இடம்பெயர்ந்தன. அருகிலேயே புதிய நகரங்கள் எழுந்தன. ஆனால், அங்கு உருவான உயர் வேலைகள் பட்டத்தையும் தொழில்நுட்ப அறிவையும் கேட்டன. பால் மரம் சீவவும் குலை அறுக்கவும் தெரிந்த கைகளுக்கு அவை எட்டவில்லை. இதற்கு மாறாக, ஆங்கிலேயர் காலத்தில் இரயில்வே வளர்ந்தபோது, ஆங்கிலக் கல்வி பெற்றிருந்த இலங்கைத் தமிழர் பலர் எழுத்தர் பணிகளைப் பெற்றுப் பிரிக்பீல்ட்ஸில் குடியேறினர். வாய்ப்பு வாசலில் வந்து நின்றாலும், கற்றவரே கதவைத் திறக்க முடிந்தது. பெற்ற திறனை நாட்டிலேயே தக்கவைத்துக்கொள்வதும் இன்றியமையாதது. ஏறக்குறைய பத்து இலட்சம் மலேசியர்கள் வெளிநாடுகளில் வாழ்வதாகவும், அவர்களுள் பெரும்பகுதியினர் சிங்கப்பூரில் இருப்பதாகவும் உலக வங்கி 2011ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையில் மதிப்பிட்டது.

திறன் இருந்தால் சிறிய இடத்திலிருந்தும் உலகச் சந்தையை எட்டலாம் என்பதற்கு முத்து நெடுமாறன் சான்றாகத் திகழ்கிறார். சிலாங்கூரின் கேரித் தீவைச் சேர்ந்த இவர், 1980களிலேயே கணினியில் தமிழை உள்ளிடும் முரசு மென்பொருளை உருவாக்கினார். கைப்பேசியில் தமிழில் எழுத உதவும் செல்லினம் 2005ஆம் ஆண்டு வெளிவந்தது. அவர் வடிவமைத்த தமிழ் எழுத்துருக்கள் ஆப்பிள் நிறுவனத்தின் கருவிகளிலும் இடம்பெற்றுள்ளன. மலேசியத் தமிழரின் எண்ணிக்கையை மட்டும் எண்ணிப் பார்த்திருந்தால் இம்முயற்சிக்குச் சந்தையே இல்லை என்று தோன்றியிருக்கும். உலகெங்கும் வாழும் தமிழரை எண்ணியபோது சந்தை விரிந்தது.

இவற்றையெல்லாம் நோக்கும்போது மலேசியாவின் தகவல் தொழில்நுட்பச் சந்தை வளரும் என்பதில் ஐயமில்லை. அவ்வளர்ச்சி யாருக்குப் பயன்படும் என்பதே எஞ்சியிருக்கும் வினா. கருவியைப் பயன்படுத்துவோர் நாட்டில் ஏராளம்; அதை உருவாக்குவோரும் பெருக வேண்டும். அகல உழுவதிலும் ஆழ உழுவதே மேல் என்பது பழமொழி. பல செயலிகளைத் திறன்பேசியில் நிரப்பி வைப்பதைவிட, ஒரு செயலி எவ்வாறு இயங்குகிறது என்பதைக் கற்பதே மேலானது. கணிதத்தையும் கணினி அறிவியலையும் மொழிகளையும் ஆழ்ந்து கற்கும் மாணவர்கள், வளரும் சந்தையில் வாடிக்கையாளராக மட்டும் நின்றுவிடாமல் அதன் படைப்பாளராகவும் விளங்குவர்.