அடைமழைக்கு முன் முன்சக்கரத்தைத் தூக்கிப் பாருங்கள்

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கிவிடும். தாண்டிக்குடி, பண்ணைக்காடு, சிறுமலை, போடிக்கு மேலே குரங்கணி என்று மலைச்சரிவில் ஜீப் ஓட்டுகிறவர்களுக்கு அதற்கு முன்னால் கிடைப்பது இரண்டு மூன்று வாரம்தான். நவம்பர் பிறந்தால் காப்பிப் பழம் பறிப்பும் வந்துவிடும். அப்போது வண்டியைப் பட்டறையில் நிறுத்த யாருக்கும் மனம் வராது. அதனால் இந்த வாரமே அரை நாள் ஒதுக்கி, உங்கள் ஜீப்பில் ஃபோர் வீல் உண்மையிலேயே விழுகிறதா என்று பார்த்துவிடுங்கள். போன மழைக்கு நன்றாக இருந்தது என்பதை நம்பாதீர்கள். போன மழைக்குப் பிறகு அந்த லிவரை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

இங்கே சொல்வதெல்லாம் பழைய வண்டிகளுக்கு. 1940களின் கடைசியில் மஹிந்திரா கம்பெனி வில்லிஸ் ஜீப்பைப் பூட்டி விற்கத் தொடங்கியது. அந்த வழியில் வந்த சி.ஜே., எம்.எம். 540, ஃபோர் வீல் உள்ள மேஜர் எல்லாம் இதில் அடக்கம். இவற்றில் பட்டன் கிடையாது, சென்சார் கிடையாது. எல்லாமே தண்டும் பல்லும் பேரிங்கும்தான். கோளாறைக் கையாலேயே தொட்டுக் கண்டுபிடிக்கலாம் என்பது இந்த வண்டிகளின் பெரிய வரம்.

லிவரிலிருந்து முன் டயர் வரை வரிசையாக ஆறு இடம் இருக்கிறது: லிவர், ட்ரான்ஸ்ஃபர் கேஸ், முன் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட், கிரவுன் பினியன், ஆக்சில் ஷாஃப்ட், ஹப். எந்த இடத்தில் விட்டுப்போனாலும் ஓட்டுகிறவர் சொல்வது ஒன்றேதான்: "முன்னாடி இழுக்கல." உடனே எல்லோரும் ட்ரான்ஸ்ஃபர் கேஸைச் சந்தேகப்படுகிறார்கள். அது கடைசியில் கை வைக்க வேண்டிய இடம். டயர் பக்கத்திலிருந்து தொடங்கி உள்ளே போங்கள்.

இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். ஒரு கார்த்திகை மாதம், ஆறு பேரையும் மிளகு மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு வரும்போது செம்மண் ஏற்றத்தில் என் வண்டி நின்றுபோனது. லிவர் விழுந்திருந்தது, பின்சக்கரம் இரண்டும் சேற்றை வாரி அடித்தன, முன்சக்கரம் அசையவில்லை. பட்டறையில் ட்ரான்ஸ்ஃபர் கேஸை இறக்கி, பேரிங் மாற்றி, நாலு நாள் கழித்துக் கொடுத்தார்கள். அடுத்த மழைக்கு அதே ஏற்றத்தில் அதே கதை. பிறகு ஒரு வயதான மெக்கானிக் வந்தார். ஸ்பேனரை எடுக்கவே இல்லை. ஜாக்கி வைத்து முன்சக்கரத்தைத் தூக்கி, "சுத்துங்க தம்பி" என்றார். சுற்றினேன். சைக்கிள் சக்கரம் மாதிரி லேசாகச் சுற்றியது. "ஹப்பு பிடிக்கல" என்றார். திறந்தால், உள்ளே கிரீஸ் வெல்லப்பாகு இறுகினாற்போல் கெட்டியாகி, நகர வேண்டிய வளையம் பாதி வழியில் ஒட்டிக்கொண்டு நின்றது. மண்ணெண்ணெயில் கழுவி மாட்ட அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

ஒரு ஹப் பழுதானதற்கு இரண்டு முன்சக்கரமும் ஏன் சும்மா நின்றன என்று கேட்பீர்கள். வாய்க்காலில் எந்த மடை திறந்திருக்கிறதோ அந்தப் பக்கம்தான் தண்ணீர் ஓடும். சாதாரண டிஃபரென்ஷியலும் அப்படித்தான். எதிர்ப்பில்லாத பக்கத்துக்கே சுழற்சி முழுவதும் போய்விடும். வலது ஹப் பிடிக்காவிட்டால் வலது ஆக்சில் ஷாஃப்ட் உள்ளுக்குள் வீணாகச் சுற்றிக்கொண்டிருக்கும். நன்றாக இருக்கும் இடது சக்கரத்துக்கும் ஒன்றும் வந்து சேராது.

ஜாக்கி வைத்துச் செய்யும் சோதனை

சமதளமான இடத்தில் நிறுத்துங்கள். எஞ்சினை அணைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் பெரிய கல் வையுங்கள். இந்த வண்டிகளில் பழைய மாடல்களுக்குக் கைப்பிரேக் சக்கரத்தில் இருக்காது. ட்ரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் இருக்கும் டிரம்மில் இருக்கும். ஒரு பின்சக்கரம் மண்ணைவிட்டுத் தூக்கினாலே அந்தப் பிரேக் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. அதனால் கல் வைக்காமல் ஜாக்கியைத் தொடாதீர்கள்.

இரண்டு முன் ஹப்பையும் லாக்கில் வையுங்கள். லாக் செய்யும் ஹப் இல்லாமல் வெறும் தட்டு பூட்டிய வண்டி என்றால் தட்டின் போல்ட்டுகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். ஃபோர் வீல் லிவரை எடுத்துவிட்டு, ஒரு முன்சக்கரத்தை மட்டும் தூக்கிக் கையால் சுற்றுங்கள். முன் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் கூடவே சுற்ற வேண்டும். சுற்றினால் ஹப், ஆக்சில், கிரவுன் பினியன் மூன்றும் நலம். சுற்றாவிட்டால் கோளாறு அந்த மூன்றுக்குள்தான் இருக்கிறது. ட்ரான்ஸ்ஃபர் கேஸை மறந்துவிடலாம். எந்தப் பக்கம் என்பதைக் கையே சொல்லிவிடும். கனமாக, உள்ளே ஏதோ உருளும் உணர்வோடு சுற்றும் பக்கம் நல்ல பக்கம். வெறும் பேரிங்கில் லேசாக ஓடும் பக்கம்தான் ஹப்பைத் திறக்க வேண்டிய பக்கம்.

அடுத்து, சக்கரம் தூக்கியபடியே இருக்க, ஃபோர் வீல் லிவரைப் போட்டுவிட்டுச் சுற்றிப் பாருங்கள். பின்சக்கரங்கள் தரையில் கல் வைத்து நிற்பதால், பல்லிடுக்கில் உள்ள சிறு ஆட்டத்தைத் தவிர முன்சக்கரம் சுற்றக் கூடாது. ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டோடு சேர்ந்து தாராளமாகச் சுற்றினால், லிவர் விழுந்தாற்போல் தெரிந்தாலும் உள்ளே பல் சேரவில்லை. அப்போதுதான் லிவரையும் ட்ரான்ஸ்ஃபர் கேஸையும் பார்க்க வேண்டும்.

ஹப்பைக் கழுவி மாட்டும்போது கிரீஸைத் திணிக்காதீர்கள். நகரும் பாகத்துக்கு மெல்லிய பூச்சு போதும். அதிகம் வைத்தால் குளிர்ந்த காலையில் அதுவே தடையாகிவிடும்.

லிவர் விழாவிட்டால், விழுந்தும் நிற்காவிட்டால்

முதலில் தரையில் உள்ள ரப்பர் உறையைக் கழற்றுங்கள். பாதிக்கு மேல் வண்டிகளில் கதை அங்கேயே முடிந்துவிடும் என்பது என் அனுபவம். கியர் பாக்ஸைத் தாங்கும் ரப்பர் நைந்து அமுங்கியிருக்கும். மொத்தப் பெட்டியும் ஒரு விரல் அளவு கீழே இறங்கியிருக்கும். லிவர் தரைத் தகட்டில் இடித்து, முழுத் தூரம் போகாமல் நின்றுவிடும். பல் பாதி சேர்ந்த நிலையில் பாரம் ஏறினால் லிவர் துள்ளி வெளியே வந்துவிடும். ரப்பரை மாற்றினால் சரியாகிவிடும். தகடு இடிக்கவில்லை, ரப்பரும் நன்றாக இருக்கிறது, ஆனாலும் லிவர் துள்ளுகிறது என்றால் லிவர் தண்டைப் பிடித்து நிறுத்தும் குண்டும் ஸ்பிரிங்கும் தேய்ந்திருக்கலாம், அல்லது பல்லே தேய்ந்திருக்கலாம். அது பட்டறை வேலை.

"லோ விழல" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, ஃபோர் வீல் லிவர் முழுசாக விழுந்ததா என்றுதான். இந்த ட்ரான்ஸ்ஃபர் கேஸில் முன் ஆக்சில் சேராமல் லோ போட முடியாதபடி உள்ளேயே ஒரு தடுப்பு இருக்கிறது. லோவின் முழு இழுவையும் பின் ஆக்சில் ஒன்றின் மேலேயே விழுந்து அது முறியக் கூடாது என்பதற்காக வைத்தது. லோ போடுவது வண்டி நின்ற பிறகுதான். ஓட்டத்தில் போடாதீர்கள்.

எண்ணெயில் தண்ணீர்

ஓடை கடக்கும் வண்டிகளுக்கு இதுதான் மிக முக்கியம். ஓடி ஓடிச் சூடான ஹவுசிங் திடீரென்று குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். சுருங்கிய காற்றுக்கு ஈடாக ஏதாவது உள்ளே வந்தாக வேண்டும். ஹவுசிங் மேலே உள்ள பிரீதர் திறந்திருந்தால் காற்று வரும். மண் அடைத்திருந்தால், தேய்ந்த சீல் வழியாகத் தண்ணீர் வரும். சுண்டுவிரல் அளவுகூட இல்லாத அந்த பிரீதரைச் சுத்தம் செய்ய ஐந்து நிமிடம் போதும். முடிந்தால் டீசல் ஹோஸ் ஒன்றை அதில் மாட்டி, பானெட்டுக்குள் உயரமான இடம்வரை கொண்டுபோய்க் கட்டிவிடுங்கள். நான் பார்த்தவரை, மழைக்காலத்தில் காசு செலவில்லாமல் கிரவுன் பினியனைக் காப்பாற்ற இதைவிட நல்ல வழி இல்லை.

சோதிக்க, வண்டியை ராத்திரி முழுக்க அசைக்காமல் நிறுத்துங்கள். தண்ணீர் கனமானது, அடியில் தங்கும். காலையில் முதலில் மேலே எண்ணெய் ஊற்றும் பிளக்கைத் திறந்து பாருங்கள். அது துருப்பிடித்து வராமல் போனால், கீழே காலி செய்துவிட்டு மறுபடி நிரப்ப வழியில்லாமல் தவிப்பீர்கள். அது திறந்த பிறகு அடிப் பிளக்கை மெல்லத் தளர்த்தி, முதலில் சொட்டுவதைக் கையில் வாங்குங்கள். தெளிந்த நீர் வந்தாலும் சரி, மோர் மாதிரி வெளுத்த எண்ணெய் வந்தாலும் சரி, மொத்தத்தையும் மாற்றிவிடுங்கள். விரலிடுக்கில் தேய்க்கும்போது மாவு மாதிரி உலோகப் பொடி இருந்தால் தேய்மானம்தான். அரிசிக் குருணை அளவு தகடு இருந்தால் வண்டியை மலை ஏற்றாதீர்கள். முன், பின் ஹவுசிங் இரண்டு, ட்ரான்ஸ்ஃபர் கேஸ், கியர் பாக்ஸ் என நான்கையும் பாருங்கள். கியர் பாக்ஸுக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்கும் நடுவில் உள்ள சீல் போயிருந்தால் எண்ணெய் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போய்விடும். ஒன்று வழிய வழிய நிறைந்து மற்றொன்று குறைந்திருந்தால் அதுதான் காரணம்.

முன்சக்கரத்தின் உள்பக்கம், உருண்டையாக இருக்கும் நக்கிளில் எண்ணெய் ஒழுகினால் சாதாரணமாக விடாதீர்கள். அங்கே இருக்க வேண்டியது கெட்டியான கிரீஸ். நீர்த்த எண்ணெய் வழிந்தால், உள்ளே இருக்கும் ஆக்சில் சீல் போய், ஹவுசிங் எண்ணெய் அந்த வழியாக வெளியேறுகிறது. அது பிரேக் டிரம்முக்கும் போகும். இறக்கத்தில் பிரேக் ஒரு பக்கம் இழுப்பது பல சமயம் இதனால்தான்.

டயரும் தார் ரோடும்

முன்னால் ஒரு அளவு டயர், பின்னால் வேறு அளவு டயர் போட்ட வண்டிகளைத் தோட்டப் பாதையில் நிறையப் பார்க்கிறேன். இந்த வண்டிகளில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே டிஃபரென்ஷியல் கிடையாது. ஃபோர் வீல் போட்டால் இரண்டு ஷாஃப்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். டயர் சுற்றளவில் நூற்றுக்கு 2 பங்கு வித்தியாசம் இருந்தால் ஒரு கிலோமீட்டருக்கு 20 மீட்டர் கணக்கு இடிக்கும். சேற்றில் அதை டயர் சறுக்கிச் சரிசெய்துகொள்ளும். தார் ரோட்டில் சறுக்க முடியாது. ஷாஃப்ட்டும் பல்லும் முறுக்கிக்கொள்ளும். ஸ்டீயரிங் கல்லாகும், லிவர் எடுக்க வராது. நான்கு டயரும் ஒரே அளவாக இருந்தாலும் வளைவுகளில் இதே முறுக்கு வரும் என்பதால், தார் ரோட்டில் மழை பெய்தாலும் ஃபோர் வீல் வேண்டாம். மண் சரிந்து மூடிய இடத்தில் மட்டும் போடுங்கள், அதுவும் மாட்டிக்கொண்ட பிறகு இல்லாமல் நுழைவதற்கு முன்பே போடுங்கள்.

ஏற்கனவே முறுக்கிக்கொண்டதா? லிவரை உதைக்காதீர்கள். ஸ்டீயரிங்கை நேராக வைத்து, நாலைந்து மீட்டர் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டே லிவரை மெதுவாக இழுங்கள், வந்துவிடும்.

டயர் சரியாக இருந்தும் அடிக்கடி முறுக்கினால், பழைய இரும்புக் கடையில் வாங்கி மாட்டிய ஹவுசிங் ஏதாவது இருக்கிறதா என்று யோசியுங்கள். கிரவுன் பினியனில் 43-க்கு 8 பல்லும் உண்டு, 39-க்கு 8 பல்லும் உண்டு. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று இருந்தால் வண்டி தன்னோடு தானே மல்லுக்கட்டும். ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி, சாக்பீஸால் சக்கரத்திலும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டிலும் கோடு போட்டு, சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். ஷாஃப்ட் ஐந்தே கால் சுற்றைத் தாண்டினால் 43 பல். ஐந்தை எட்டாமல் நின்றால் 39. முன்னாலும் பின்னாலும் ஒரே எண்ணிக்கை வர வேண்டும். பின்னால் செய்யும்போது கைப்பிரேக்கை விட்டு, ட்ரான்ஸ்ஃபர் கேஸையும் நியூட்ரலில் வைத்து, முன்சக்கரங்களுக்குக் கல் வையுங்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகு, முதல் மழை விழுந்த மறுநாள் காலையில் பாரம் ஏற்றாமல் ஒரு சேற்றுத் திட்டுக்குப் போங்கள். ஃபோர் வீல் போட்டு, முதல் கியரில், பத்து மீட்டர் மெல்ல நகருங்கள். கூட வரும் ஒருவரை இறங்கி ஓரமாக நின்று முன் டயரையே பார்க்கச் சொல்லுங்கள். பின் டயர் சறுக்கும் அந்த நொடியில் முன் டயர் தானாக மண்ணைப் பிடித்து இழுத்தால், அன்றைக்கே ஆளையும் மூட்டையையும் ஏற்றலாம். மழை முடிந்த பிறகும் மாதம் ஒருமுறை அதே மண்ணில் அதே பத்து மீட்டர் ஓட்டிவிடுங்கள், லிவர் துருப்பிடிக்காது.