மஞ்சள் பால் எந்த இருமலுக்குக் கேட்கும்?

எங்க சாமளாபுரம் பக்கம் ஒரே வீட்டில் ஒருத்தர் பண்ணயம் பார்ப்பார், இன்னொருத்தர் நூல் மில்லுக்குப் போவார். இருமல் வந்தால் ரெண்டு பேருக்கும் ஒரே வைத்தியம்தான்: பாலில் மஞ்சள், தட்டிப்போட்ட மிளகு, இனிப்புக்குப் பனங்கற்கண்டோ தேனோ. இது கேட்குமா என்றால், சளி இருமலுக்கு இதம் தரும். எல்லா இருமலுக்கும் இதுவே போதும் என்று இருந்துவிடக் கூடாது.

இதில் நேரடிச் சான்று அதிகம் இருப்பது தேனுக்கு. 2007-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் சளி பிடித்த 105 குழந்தைகளிடம் சோதித்தார்கள். படுக்கும் முன் தேன் குடித்த பிள்ளைகள், எதுவும் கொடுக்கப்படாத பிள்ளைகளைவிட இரவில் குறைவாக இருமினார்கள், நன்றாகத் தூங்கினார்கள். ஆனால் ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாதுங்க. பொட்டுலிசம் என்ற நச்சு நோய் வரலாம்.

மஞ்சளோடு மிளகு சேர்ப்பதற்கும் காரணம் உண்டு. 1998-ல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு மிளகிலுள்ள பைப்பரின் 20 மில்லிகிராம் கொடுத்தார்கள். குர்குமின் ரத்தத்தில் சேர்வது சுமார் 20 மடங்கு கூடியது. அந்த ஆய்வு பார்த்தது அவ்வளவுதான், இருமலை அல்ல. நம்ம ஆட்களே மேடையில் இதை மாத்திச் சொல்லிடறாங்க!

மஞ்சள், நம்ம தோட்டத்துக் கிழங்கை வேகவைத்துக் காயவைத்து அரைத்ததாக இருந்தால் நல்லது. நிறத்துக்காக ஈயம் கலந்த லெட் குரோமேட் சேர்க்கும் மோசடி மஞ்சளில் பல இடங்களில் பிடிபட்டிருக்கு.

மில்லுக்குப் போறவங்க இருமல் வேறு. பஞ்சுத் தூசியால் வரும் பைசினோசிஸ் நோய்க்கு ஒரு அடையாளம் உண்டு. வார லீவு முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாள் நெஞ்சு இறுகும், இருமல் வரும், அடுத்தடுத்த நாள் குறையும். தூசியிலேயே இருந்தால் பிறகு எல்லா நாளும் இருக்கும், நுரையீரலும் நிரந்தரமாகக் கெடும். இதற்குப் பால் காய்ச்சிக் காலம் தள்ளாதீங்க.

யாராக இருந்தாலும், இருமல் ரெண்டு வாரம் தாண்டினால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசநோய்க்கான சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், இலவசம்தான். மில் ஆட்கள் டாக்டரிடம் ப்ளோ ரூமா, கார்டிங்கா, எத்தனை வருஷமா வேலை என்பதையும் சொல்லணும். சொல்லாவிட்டால் ஆஸ்துமா என்றே எழுதிவிட வாய்ப்பிருக்கு.