கைலி கட்டியவருக்குப் பின்வரிசையா?



சென்ற வாரம் நம் நாச்சியாபுரத்தில் ஜும்ஆ முடிந்ததும், சுமை தூக்கும் வேலை செய்யும் ஓர் இளைஞர் என்னிடம் வந்தார். "ஹஜ்ரத், கைலியோட தொழுதா கூடுமா? பின்வரிசைக்குப் போகச் சொல்றாங்க" என்றார். சொன்னவர் ஜுப்பா அணிந்த பெரியவராம். யாரென்று நான் கேட்கவில்லை.

தொழுகையில் ஆண்கள் மறைக்க வேண்டியது தொப்புள் முதல் முழங்கால் வரை. இந்தத் தையலில்தான் மறைக்க வேண்டும் என்று மார்க்கம் நிபந்தனை போடவில்லை. நபி (ஸல்) அவர்களுக்கு மிகவும் பிடித்தது ஹிபரா எனும் யமன் நாட்டுத் துணி என்று அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். தபூக் பயணத்தில் அணிந்திருந்ததோ ஷாம் நாட்டு ஜுப்பா. அதன் கைப்பகுதி குறுகலாக இருந்ததால் மேலே ஏற்ற முடியாமல், கையை உள்வழியாக வெளியே எடுத்து உளூச் செய்தார்கள் என்று முகீரா (ரலி) அவர்களின் அறிவிப்பு புகாரியில் இருக்கிறது. அன்றைய ஷாம் ரோமர்களின் ஆட்சியில் இருந்த நாடு! அந்த நாட்டுத் தையலை அண்ணலார் ஒதுக்கவில்லை. ஆண்களுக்குப் பட்டைத் தடுத்தார்கள். பெருமைக்காக ஆடையைத் தரையில் இழுத்து நடப்பதைக் கண்டித்தார்கள்.

இனி நம் கைலிக்கு வருவோம். மலேசியாவில் பள்ளிவாசலுக்குக் கட்டிவரும் கட்டம் போட்ட கைலிக்குக் 'காயின் பெலிகாட்' என்று பெயர். பெலிகாட் என்பது சென்னைக்கு வடக்கே உள்ள நம் பழவேற்காடுதான். டச்சுக்காரர்கள் 1613இல் அங்கே கோட்டை கட்டி, சோழமண்டலக் கரைத் துணிகளைக் கிழக்கே கப்பலேற்றினார்கள். மரக்காயர்களும் அந்தக் கடல் வணிகத்தில் இருந்தார்கள். பர்மாவில்கூட ஆண்கள் முன்பு நீளமான 'பசோ' கட்டினார்கள்; மூட்டிய லுங்கி பரவியது ஆங்கிலேயர் காலத்தில்தான். நம் செட்டிநாட்டார் வட்டிக்கடை வைத்திருந்த காலமும் அதுவே. அக்கரையில் முதல் வரிசையில் நிற்கும் துணியை, அது புறப்பட்ட கரையில் நாம் பின்னுக்கு அனுப்புகிறோம்.

ஜுப்பா நல்ல ஆடை, நானும் அணிகிறேன். ஆனால் அது பக்கத்தில் நிற்பவரை இளக்காரமாகப் பார்க்க வைத்தால், ஆடையை இழுத்து நடந்தவரின் நிலைதான் நமக்கும்.

கைலியில் கவனிக்க வேண்டியது வேறு. துவைத்துத் துவைத்து நைந்து, தோலின் நிறம் தெரிந்தால் அதில் தொழுகை கூடாது. மூட்டாத துணியென்றால் ருகூவில் விலகாமல் இறுக்கிக் கட்டுங்கள். மடித்துக் கட்டியிருந்தால் படியிலேயே இறக்கிவிடுங்கள். வியர்வை நஜீஸ் அல்ல. ஆனாலும் பக்கத்தில் நிற்பவரை நினைத்து, மாற்றுக் கைலி ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளலாம்.

அந்த இளைஞரை வரும் வெள்ளியன்று நேரத்தோடு வந்து, எனக்குப் பின்னால் முதல் வரிசையில் இடம்பிடிக்கச் சொல்லியிருக்கிறேன்.