ஞாயிறு இரவு 11 மணி வரை பொறு!

ரசிகனாக இருப்பதில் என்ன கஷ்டம் என்று வீட்டில் கேட்பார்கள். கதை படிக்கிறோம், படம் பார்க்கிறோம், டி-சட்டை வாங்கிப் போடுகிறோம், அவ்வளவுதானே? இல்லை. ரசிகனுக்கும் ஒரு கடமை உண்டு. அது காத்திருப்பது. இந்தப் பாடம் அதைப் பற்றித்தான். எனக்கு நன்றாகத் தெரிந்த 'ஒன் பீஸ்' மங்காவையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

மகிழ்ச்சி எங்கே?

எய்ச்சிரோ ஓடா வரையும் இந்தச் சித்திரக்கதை 1997 ஜூலையில் ஜப்பானின் 'வீக்லி ஷோனென் ஜம்ப்' இதழில் தொடங்கியது. உங்களில் பலர் அப்போது பிறக்கவே இல்லை! 2019 முதல் புதிய அத்தியாயத்தை 'மங்கா பிளஸ்' செயலியில் ஆங்கிலத்தில் இலவசமாகப் படிக்கலாம். ஜப்பானில் திங்கட்கிழமை பிறக்கும்போது நமக்கு ஞாயிறு இரவு 11 மணி. மறுநாள் காலையில் அசைன்மென்ட் அனுப்ப வேண்டியிருந்தாலும், அந்த நேரத்தில் எங்கள் விடுதியில் நாலைந்து அறைகளில் விளக்கு எரியும். "டேய், கடைசிப் பக்கம் பார்த்தியா?" என்று கதவைத் தட்டுவார்கள். பத்து நிமிடத்தில் படித்ததை மாமாக் கடையில் உட்கார்ந்து தே தாரிக் ஆறிப்போகும் வரை பேசுவோம். ஒரு வாரம் காத்திருந்ததால்தான் அந்தப் பேச்சுக்கு அவ்வளவு ருசி.

எரிச்சல் எங்கே?

எரிச்சல் வார நடுவிலேயே தொடங்கிவிடும். இதழ் வெளிவருவதற்கு முன்பே யாரோ கசியவிட்ட பக்கங்கள் இணையத்தில் வந்துவிடும். அதை ஒருவர் புலனக் குழுவில் போடுவார், கூடவே ஒரு சிரிப்பு முகம் வேறு. நாம் திறக்காவிட்டாலும் படம் கண்ணில் பட்டுவிடும்.

2022 மார்ச்சில் வந்த 1044ஆம் அத்தியாயத்தில் ஒரு பெரிய ரகசியம் உடைந்தது. என்னன்னு இங்கே சொல்ல மாட்டேன்! அந்தக் காட்சி அனிமேயில் வந்தது 2023 ஆகஸ்ட்டில்தான். அனிமே மட்டும் பார்ப்பவர்கள் ஏறக்குறைய ஒன்றரை வருஷம் காதைப் பொத்திக்கொண்டு இருக்க வேண்டியிருந்தது.

இன்னொரு எரிச்சல், "இந்த வாரம் இல்லை" என்ற அறிவிப்பு. 2023 ஜூனில் ஓடா கண் அறுவை சிகிச்சைக்காக நான்கு வாரம் ஓய்வு எடுத்தார். "மறுபடியும் பிரேக்கா?" என்று சலித்துக்கொள்வது சுலபம். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒரு லேப் ரிப்போர்ட் எழுதவே எங்களுக்கு இரண்டு வாரம் வேண்டும். அவரோ 1997-லிருந்து வாரா வாரம் கதையும் யோசித்து, பதினைந்து பதினேழு பக்கம் வரைகிறார். கதையை நேசிக்கிற நாம் அதை வரைகிற கண்ணையும் நேசிக்க வேண்டாமா?

ஒரு கேள்வி

"இராமாயணத்தின் முடிவு எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் உட்கார்ந்து கேட்கிறோமே, ஸ்பாய்லருக்கு ஏன் இவ்வளவு கோபம்?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நல்ல கதை, முடிவு தெரிந்தாலும் சாகாது. அதனால் ஸ்பாய்லர் பட்டுவிட்டால் மனம் உடைய வேண்டாம், எப்படி நடந்தது என்பது இன்னும் மிச்சம் இருக்கிறது. ஆனால் தெரிந்த கதையை மறுபடி கேட்பது நாமே விரும்பிச் செய்வது. முதல்முறை படிக்கும் திகைப்போ ஒருவருக்கு ஒரே ஒரு முறைதான் கிடைக்கும். அதை அவரைக் கேட்காமல் எடுத்துக்கொள்ள நமக்கு உரிமை இல்லை.

செய்து பார்ப்போம்

1. கசிந்த பக்கங்களைப் பகிராதீர்கள். அதிகாரபூர்வமாக வரும்வரை பொறுங்கள்.
2. வெளிவந்த பிறகும், "படிச்சிட்டியா?" என்று கேட்டுவிட்டுப் பேசுங்கள்.
3. படைப்பாளி ஓய்வெடுக்கும் வாரத்தில் பழைய அத்தியாயம் ஒன்றை மறுபடி படியுங்கள். முதல் தடவை கவனிக்காத ஏதாவது ஒன்று நிச்சயம் கண்ணில் படும்.

அடுத்த சந்திப்பில் பேச: நீங்கள் ரசிக்கும் ஒன்றுக்காக மிக நீண்ட நாள் காத்திருந்தது எப்போது? அந்தக் காத்திருப்பில் உங்களோடு யார் இருந்தார்கள்?