மூலையில் நிற்கும் கதிர்

கொமரலிங்கம் பக்கம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பழைய ஏற்பாடு சொல்லிக்கொடுக்க முன்வந்திருக்கும் தம்பிகளுக்கும் அம்மணிகளுக்கும், 'தேவ கட்டளைக்குக் கீழ்ப்படிதல்' பாடத்தை எடுக்குமுன் சில வார்த்தைகள்.

1. ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடப் போன கதையில் ஆரம்பிக்காதீர்கள். சின்னப் பிள்ளை அன்று ராத்திரி அப்பனைப் பார்த்துப் பயந்துகொண்டே படுக்கும். 1 சாமுவேல் 15-ஐ எடுங்கள். அமலேக்கியரில் குழந்தைகள் உட்பட யாரையும், அவர்களின் ஆடுமாடு ஒன்றையும் மிச்சம் வைக்கக் கூடாது என்பது சவுல் ராஜாவுக்குக் கடவுளின் உத்தரவு. அவனோ கொழுத்ததையெல்லாம் ஒதுக்கிக்கொண்டு, சொன்னபடி செய்துவிட்டேன் என்கிறான். ஆடு கத்துகிறது. அது என்ன சத்தம் என்கிறார் தீர்க்கதரிசி சாமுவேல். கர்த்தருக்குப் பலியிடத்தான் வைத்திருக்கிறோம் என்று பதில் வருகிறது. இங்கே அவசரப்படாமல் நில்லுங்கள். செய்ய வேண்டியதை விட்டுவிட்டுக் காணிக்கையில் கணக்கை நேர்செய்வது நம்ம ஊருக்கும் புதிதல்ல. "குழந்தைகளையும் கொல்லச் சொன்னாரா?" என்று ஒரு பிள்ளை கேட்கும். அதட்டி உட்கார வைக்காதீர்கள். யூத ரபிகளும் கிறிஸ்தவ அறிஞர்களும் காலங்காலமாக மல்லுக்கட்டும் இடம் அது என்று சொல்லிவிடுங்கள்.

2. ராஜவாய்க்கால் பாயும் வயலில் அறுப்பு மெஷின் இறங்கும்போது பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள். மெஷின் திரும்பும்போது மூலையில் கொஞ்சம் கதிர் நின்றுவிடும். அதையும் விடாமல் ஆள் விட்டு அரிவாளால் அறுத்துச் சேர்ப்போம். லேவியராகமம் 19 பேசுவது அந்த ஓரத்தைத்தான்: முழுக்க அறுக்காதே, சிந்தியதைப் பொறுக்காதே, ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு. எவ்வளவு என்று அங்கே அளவு இல்லை. பிற்காலத்து யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா, அறுபதில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது என்று வகுத்தது. அறுபது மூட்டை நெல்லுக்கு ஒரு மூட்டை. பிள்ளைகளே கணக்குப் போடட்டும், அப்புறம் வீட்டில் போய்க் கேட்கட்டும்.

கூலியாளின் கூலியைப் பொழுது சாய்வதற்குள் கொடு என்கிறது உபாகமம் 24. இதற்கு நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டாம். பனியன் கம்பெனி வேன் ஏறும் அம்மாக்களின் பிள்ளைகள் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். சனிக்கிழமைச் சம்பளம் தள்ளிப்போனால் வீட்டில் என்ன நடக்கும் என்று அவர்கள் உங்களுக்குச் சொல்வார்கள்.

3. அடுத்து ரூத். தரங்கம்பாடியில் பழைய ஏற்பாட்டைத் தமிழாக்கிய சீகன்பால்கு இந்தப் புத்தகம் வரைக்கும் வந்து 1719-இல் காலமானார். மீதியை முடித்தவர் சூல்சே. கதிர் பொறுக்க வந்த அந்நியப் பெண் ரூத்துக்காக, அரிக்கட்டிலிருந்தே கொஞ்சம் உருவிப் போடுங்கள், அவளை ஒன்றும் சொல்லாதீர்கள் என்று ஆட்களிடம் சொல்கிறார் வயல்காரர் போவாஸ். அதை அப்படியே வாசித்துக் காட்டினால் போதும்.

4. கீழ்ப்படிதல் என்றதும் 'பெரியவங்க சொன்னா கேக்கணும்' என்று பாடத்தைத் திருப்பிவிடாதீர்கள். சிப்பிராள், பூவாள் என்ற மருத்துவச்சிகள் ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொன்ன பார்வோனின் பேச்சைக் கேட்கவில்லை. கடவுளுக்குப் பயந்ததால்தான் கேட்கவில்லை. நாளைக்கு மில்லுக்கும் கம்பெனிக்கும் போகப்போகிற பெண்பிள்ளைகள், சூப்பர்வைசர் வாயிலிருந்து வருவதெல்லாம் கட்டளை என்று நினைத்து வளரக் கூடாது. பாஸ்டர் வாயிலிருந்து வருவதெல்லாமும் கட்டளை இல்லை.

5. ஆட்டு ரோமமும் லினனும் கலந்த துணியை உடுத்தாதே என்று உபாகமம் 22-இல் வரும். திருப்பூர்ப் பிள்ளை சும்மா இருக்குமா? பருத்தியில் பாலியஸ்டர் கலக்கிறார்களே என்று கேட்கும். அதற்குத் தடை இல்லை. ஆனால் ரோமம்-லினன் விலக்கை வைதீக யூதர்கள் இன்றைக்கும் காக்கிறார்கள். புதுக் கோட்டு வாங்கினால் நூலைப் பரிசோதிக்கக் கொடுப்பவர்களும் உண்டு. ஏன் அந்த விலக்கு என்று வேதம் காரணம் சொல்லவில்லை. நீங்களாக ஒன்றைக் கட்டிவிடாதீர்கள்.

6. அமராவதி அணையின் நீர்மட்டம் முழு 90 அடியை எட்டாத வருஷத்தில், யார் பாவத்தால் மழை பொய்த்தது என்று வகுப்பில் ஆராயாதீர்கள். கீழ்ப்படிந்தால் மழை உண்டு என்று உபாகமம் 28 சொல்வது நிஜம்தான். அதே வேதத்தில் யோபுவும் இருக்கிறார். அவருடைய சிநேகிதர்கள் இந்தக் கணக்கைத்தான் அவரிடம் விடாமல் ஒப்பித்தார்கள். கடைசியில் கடவுளிடம் வாங்கிக்கட்டிக்கொண்டதும் அவர்கள்தான்.